தம்பியின் கத்திக்கு மெருகு

பெரியக்காவுக்குத் தன் கைவேலையில் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. பல் செய்யும் கூடம் ஒன்றில் பல வருஷமாக உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் செய்துகொண்டிருப்பவள் அவள். டாக்டர்கள் ஈறின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவர்கள் உலோகத்திலும் பீங்கானிலும் பல்லை உருவாக்கி அனுப்ப வேண்டும். மற்ற வேலைகளை யார் செய்தாலும், கடைசியில் மெருகேற்றுவதை மட்டும் பெரியக்கா யார் கையிலும் விடமாட்டாள். தான் மெருகு போட்ட பல்லைக் கட்டிக்கொண்டவர்கள் சிரிக்காமல் இருக்கவே முடியாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவர்கள் சிரிப்பதற்கு வேறு காரணம்கூட இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. இந்தக் கத்தி விவகாரத்துக்குப் பிறகுதான் அதெல்லாம் தோன்ற ஆரம்பித்தது.

அவளுடைய தம்பி ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல்காரன். அவளைவிடப் பத்து வயது இளையவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சாதுவான மனுஷன். அக்கா எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். பிறகு தனக்குத் தெரிந்தபடி செய்துகொள்வான். இந்த இரண்டாவது பகுதி மட்டும் பெரியக்காவின் கண்ணில் பட்டதே இல்லை.

புதிதாகத் திறக்கப்போகும் பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து தம்பியைச் சமையல் சோதனைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். சோதனைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அன்றிலிருந்து பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குத்தான். அடுப்பு முன்னால் எப்படி நிற்கவேண்டும், கையை எப்போது துடைக்கவேண்டும், பார்க்கிறவர்கள் கேள்வி கேட்டால் எப்படி முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அவள் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடித்துவிடும் என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனாலும் சமையல்காரனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க அவளுக்குக் கூச்சம் வரவில்லை.

ஒரு நாள் தம்பியின் மனைவி, காபித் தம்ளரை அவள் கையில் கொடுத்துக்கொண்டே, அவருக்கென்று ஒரு நல்ல கத்தி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னாள். பெரியக்கா காபியை முழுதாகக் குடிக்கவில்லை. மறுநாளே கடைத்தெருவில் கத்தி அடித்துக்கொடுக்கும் பட்டறைக்காரரிடம் போய் நின்றுவிட்டாள்.

அவர் நல்ல எஃகு, நீளம், கைப்பிடிக்கு மரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார். மேல்பரப்பை எப்படி முடித்துத் தர வேண்டும்? கண்ணாடி மாதிரி மின்ன வைக்கலாம். மெல்லிய கோடு கோடாக விடலாம். பளபளப்பே இல்லாமல் மங்கலாக்கலாம். இல்லையென்றால் உலையிலிருந்து வந்த கருப்பை அப்படியே விட்டுவிடலாம். மீன்குஞ்சிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்டது மாதிரி பெரியக்கா அவரைப் பார்த்தாள். அடித்து, கூர் வைத்து, பிடி போட்டுக் கொடுத்தால் போதும், மேல்மெருகு தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். பட்டறைக்காரருக்கு ஒரு வேலை மிச்சம். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

கத்தி வந்தது. கரடுமுரடாக, தேய்ப்புக்கல்லின் தடங்களோடு, குளிக்காத பிள்ளை மாதிரி இருந்தது. பெரியக்கா அதைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். முதலாளியிடம் கேட்டாள், பல்வேலை கெடாமல் சாப்பாட்டு நேரத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னார்.

எந்த மெருகைத் தேர்ந்தெடுப்பது என்று அவள் யோசித்த அழகைச் சொல்லவேண்டும். கழித்துப்போட்ட உலோகத் துண்டுகளில் நாலு வகை மெருகும் போட்டு, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தாள். ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தாள், விளக்கடியில் வைத்துப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினாள். பல்லுக்கு மெழுகில் மாதிரி செதுக்குகிறவன் என்பதால் அவனை எல்லாரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காய் வெட்டற கத்திதானேக்கா?" என்றான் மெழுகு. "என்னமோ பொண்ணு பார்க்கறாப்ல பார்க்கறீங்க."

அவனுக்கு ரசனை போதாது என்று பெரியக்கா மனதுக்குள் முடிவுகட்டினாள். இவ்வளவு ஆராய்ச்சியும் நடந்து முடிந்தபின் அவள் தேர்ந்தெடுத்தது கண்ணாடி மெருகு. பட்டறைக்காரர் வாயைத் திறந்த நிமிஷத்திலேயே அவள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். வெள்ளைத் துணியும் ஜன்னலும் வெறும் ஜோடனை.

கண்ணாடி மெருகு போட நாலு சாப்பாட்டு நேரம் போயிற்று. முரட்டு உருளை, மென்மையான உருளை, பிறகு பஞ்சு உருளை என்று மோட்டாரில் மாற்றி மாற்றி மாட்டித் தேய்த்தாள். சுற்றுகிற பஞ்சில் கத்தி முனை சிக்கினால் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் அந்த நேரத்தில் மெழுகு தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். கடைசியில் கத்தியைத் துடைத்துத் தூக்கிப் பிடித்தபோது அதில் அவள் முகம் தெரிந்தது. நெற்றியோரம் நரைத்த முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தே தலையைச் சரிசெய்துகொண்டாள். அவளுடைய சந்தோஷத்தில் பாதிக்கு மேல் தம்பிக்கானது அல்ல என்பதை அந்தக் கத்தி அப்போதே காட்டிக்கொண்டுதான் இருந்தது.

தம்பி கத்தியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றான். வெட்டிக் காட்டு என்று பெரியக்கா விடவில்லை. அவன் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வெட்டினான். முதல் வில்லை கத்தியிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அதன்மேல் ஒட்டிக்கொண்டது. வழவழவென்ற பரப்பில் ஈரக் கிழங்கு பசை போட்டது மாதிரி உட்கார்ந்துகொள்ள, அவன் ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி, விரலால் வழித்துப் போடவேண்டியிருந்தது. மேலே இருந்த டியூப் லைட் கத்தியில் பட்டுச் சுவரெல்லாம் ஓடியது. தம்பியின் சின்னப் பெண் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க அடுக்களை முழுக்கத் துள்ளினாள். தம்பி மனைவி ஏதோ எடுக்கப்போகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கூர் பிரமாதம் என்றான் தம்பி. மெருகைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லாததைப் பெரியக்கா கவனித்தாள். கத்தியைக் கையோடு வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டாள்.

மறுபடியும் கூடம். இந்த முறை மங்கல். பல்லின் உள்பக்க உலோகத்தைச் சொரசொரப்பாக்க அங்கே ஒரு பெட்டி உண்டு. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் கையை விட்டுக்கொண்டு உள்ளே வேலை செய்யவேண்டும், ஒரு குழாய் பொடிமணலை வேகமாகப் பீய்ச்சும். நாலு நாள் பாடுபட்டுச் சேர்த்த பளபளப்பை அந்த மணல் நாலு மூச்சில் தின்றுவிட்டது. வெளியே எடுத்தபோது கத்தி சாம்பல் நிறத்தில், அடக்கமாக, பெரிய மனுஷத்தனமாக இருந்தது. இதுதான் உண்மையான அழகு, மின்னுவதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று பெரியக்கா மெழுகிடம் விளக்கினாள். போன வாரம் இதே வாயால் என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. நல்லவன்.

கிழங்கு இந்த முறை ஒட்டவில்லை. பெரியக்கா நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். ஆனால் அந்தச் சொரசொரப்பு வேறு எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. எலுமிச்சம்பழம் வெட்டிய இடம் கறுத்தது. வெங்காய வாசனை கழுவக் கழுவப் போகவில்லை. துடைத்த துணியின் பஞ்சுகூட அதில் ஒட்டிக்கொண்டது. அதோடு, துடைத்தும் ஈரம் நின்று, காலையில் பார்த்தால் துருப் பொட்டு. தம்பி இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. அக்கா கேட்டதற்குப் பதிலாக மட்டும் சொன்னான், அதுவும் தன் மேல்தான் தப்பு மாதிரி. இன்னும் நன்றாகத் துடைத்திருக்கவேண்டுமோ என்னமோ என்றான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மூன்றாவதாகக் கோடு. முதுகிலிருந்து வெட்டுவாய்ப் பக்கம் இறங்குகிற மெல்லிய கோடுகள். அதைக் கையால், உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிப் பொறுமையாக இழுத்துப் போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சோதனைக்கு இரண்டே நாள் இருந்தது. அதோடு கோபம் வேறு. யார் மேல் என்று கேட்டால் கத்தி மேல் என்றுதான் சொல்லியிருப்பாள். மோட்டாரை முழு வேகத்தில் வைத்து, கத்தியை அழுத்திப் பிடித்தாள். அடிப்பக்கம் நன்றாக வந்தது. நடுப்பக்கம் நன்றாக வந்தது. முனைக்கு வந்தபோது உலோகம் மெலிவு; சூடு போக வழியில்லை. வைக்கோல் நிறத்தில் ஒரு சாயல் தெரிந்தது. அவள் கையை எடுப்பதற்குள் அது ஊதாவாகி, மயில் கழுத்து நீலமாகி நின்றது.

உலோகத்தோடு பிழைக்கிறவளுக்கு அந்த நீலம் என்ன சொல்கிறது என்று யாரும் படித்துக் காட்ட வேண்டாம். எஃகு அளவுக்கு மேல் சூடாகி, அதன் இறுக்கம் போய்விட்டது. அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. வைத்தாலும் நாலு வெட்டில் மழுங்கிவிடும். பெரியக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, என்ன ஆகிறது பார்க்கலாம் என்று, அந்த நீலத்தின் மேல் உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்தாள். நிறம் போயிற்று. அடியில் வெள்ளைக் கோடுகள், மற்ற இடத்துக் கோடுகளோடு சேர்ந்து, வித்தியாசமே தெரியாமல் ஓடின. முனை முழுவதையும் அப்படியே இழுத்து முடித்தாள். அவள் வாழ்க்கையில் போட்ட மெருகுகளிலேயே அதுதான் சிறந்தது. கூடத்தில் இருந்த எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். மெழுகுகூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தான். செத்துப்போன எஃகுக்கு இவ்வளவு அருமையாக அலங்காரம் செய்துவைத்திருக்கிறோமே என்று பெரியக்கா அவர்கள் பாராட்டை எல்லாம் முள் மேல் உட்கார்ந்தவள் மாதிரி கேட்டுக்கொண்டாள்.

தம்பி வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டே போனாள். முனையை யார் அவ்வளவு உபயோகிக்கிறார்கள்? சோதனை ஒரே நாள்தானே? அதற்குள் மழுங்கிவிடுமா? பிறகு ஒரு நாள் திரும்ப வாங்கித் தீட்டிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தீர்ப்புச் சொல்லவேண்டியவளும் அவளேதான் என்பதுதான் சங்கடம்.

தம்பி கத்தியைப் பார்த்ததும் இந்த முறை முகம் மலர்ந்தான். கிழங்கை வெட்டினான், வில்லைகள் தானாக விழுந்தன. வெங்காயம் வெட்டினான், தக்காளி வெட்டினான். துணியால் ஒரே துடைப்பில் கத்தி சுத்தமாகிவிட்டது. "இதுதாங்க்கா," என்றான். "இப்படித்தான் இருக்கணும்." மனசாரச் சொன்னான். இத்தனை நாள் அவள் காத்துக்கொண்டிருந்தது அந்த வார்த்தைக்குத்தான். அது வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"முனையைச் சூடாக்கிட்டேன்டா," என்றாள். "அவசரப்பட்டுட்டேன். பார்க்கத்தான் அழகா இருக்கு. அங்க கூர் நிக்காது."

தம்பி கத்தியைப் பலகை மேல் வைத்தான். எந்த இடத்திலிருந்து என்று கேட்டான். அவள் விரலால் காட்டினாள். நிறம் மாறியதையும், அதைத் தேய்த்து மறைத்ததையும், வழியெல்லாம் சொல்லவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாளை மறுநாள் சோதனையை வைத்துக்கொண்டு இப்படிப் பண்ணிவிட்டேனே, இன்றைக்கே வேறு கத்தி வாங்கிவிடலாம், கடை இன்னும் திறந்திருக்கும் என்று எழுந்தே விட்டாள்.

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். மனைவி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"அக்கா, உட்காரு," என்றான் தம்பி. "அங்க வெளிக் கத்தி எதையும் உள்ள விடமாட்டாங்க. அவங்க கொடுக்கற கத்தியிலதான் வெட்டணும். கூப்பிட்ட அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"அப்ப இந்தக் கத்தி எதுக்குடா?" என்றாள் பெரியக்கா, உட்காராமலே.

தம்பி மனைவிதான் முழுவதையும் சொன்னாள். பெரியக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அவள் சொல்லும்போது சிரிக்கவில்லை, கண்ணையும் தாழ்த்தவில்லை. அண்ணி தினமும் வந்து சொல்லிச் சொல்லி, அவருக்கு வெங்காயம் உரிக்கவே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தூக்கத்தில்கூடக் கையைத் துடைத்துக்கொள்கிறார். நேராகச் சொன்னால் அண்ணி மனசு கஷ்டப்படும். அண்ணி கையில் ஏதாவது ஒரு வேலை இருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்குமே என்றுதான் தான் கத்திப் பேச்சை எடுத்தது. முதல் மெருகோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அண்ணி மூன்று முறை பாடுபடுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"அப்ப கிலுகிலுப்பையைக் கொடுத்து என்னை ஒரு ஓரமா உட்கார வச்சிருக்கீங்க," என்றாள் பெரியக்கா.

இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாக்கா," என்றான். பிறகு மெதுவாக, "நீ பக்கத்துல நின்னு பார்த்தா, என் கை என் கையா இருக்க மாட்டேங்குது. நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டதே நீ இல்லாத இடத்துலதான்," என்றான்.

இவ்வளவு நேராக அவன் அவளிடம் பேசியதே இல்லை. காது இரண்டும் சூடேறின. கத்தி முனையில் போக வழியில்லாமல் நின்ற சூடு மாதிரி என்று நினைத்தாள். அந்த நிலைமையிலும் தன்னைப்பற்றி உவமை தேடுகிற புத்தியை நொந்துகொண்டாள். வெள்ளரிக்காய் வெட்டி வைத்தார்கள். ஒரு துண்டைத் தின்றுவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். பாதியில், துணியைப் பிரித்துக் கத்தியின் கோடுகளை ஒருமுறை பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை போய், அசட்டுச் சிரிப்பு வந்தது.

சோதனை முடிகிறவரை அவள் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. போன் செய்யவும் இல்லை. அந்த இரண்டு நாளும் மெழுகுதான் மாட்டிக்கொண்டான். உட்காரும் விதத்திலிருந்து மெழுகு உருக்கும் விதம் வரை அவனுக்குப் புத்தி சொன்னாள். தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தபோது வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

தம்பியே போன் செய்தான். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அவன் கேட்ட இடத்துக்கு இல்லை. அடுப்புப் பக்கம் வேறு ஆளைப் போட்டுவிட்டு, இவனைப் பழமும் பச்சைக் காய்கறியும் தயாரிக்கிற பக்கம் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க வெட்டுகிற வேலை. சோதனையில் கொடுத்த கத்தி மொண்ணை என்றும், பீங்கான் தட்டின் அடியில் இருக்கும் சொரசொரப்பான விளிம்பில் தீட்டிக்கொண்டு வெட்டினதைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று என்றும் சொன்னான். பெரியக்காவின் நாக்கு நுனியில், அடுப்புப் பக்கமே கேட்டு வாங்கியிருக்கலாமே என்ற வார்த்தை வந்து நின்றது. "சந்தோஷம்டா," என்று மட்டும் சொன்னாள். அக்கா, லைன்ல இருக்கியா என்று அவன் கேட்டான். இன்னும் ஏதாவது வரும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"அந்தக் கத்தியை என்ன பண்றது?" என்று அவள் கேட்டாள். கெட்டுப்போன முனையை வெட்டி எடுத்துவிட்டு, சின்னதாக, மூக்கு மழுங்கின கத்தியாக மாற்றலாம், வீட்டுக்கு ஆகும் என்றாள். பிறகு, இந்த விவகாரம் ஆரம்பித்ததிலிருந்து அவள் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். "மேல்மெருகு எப்படி வேணும்?"

வீட்டில் வெட்டப்போகிறவளைக் கேள் என்று தம்பி போனை மனைவியிடம் கொடுத்தான்.

"கழுவறதுக்குச் சுலபமா இருந்தா போதும் அண்ணி," என்றாள் அவள்.

பெரியக்கா பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டு ஆறவிட்டு, முனையைத் தேய்த்து எடுத்தாள். கோடுகளை இந்த முறை கையாலேயே இழுத்தாள். ஒரு கோடு கோணலாகப் போயிற்று. திருத்தினால் இன்னொரு மூன்று சுற்று ஆகும் என்று தெரிந்ததால், பார்க்காத மாதிரி துணியில் சுற்றிவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அந்தக் கத்தி பாத்திரக் கூடையில் கரண்டிகளோடு கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். கோடுகளைக் காணோம். கோணல் கோடும் போயிருந்தது. கத்தி முழுக்கச் சின்னச் சின்ன வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று, ஒரு மாதிரி மங்கிய வெள்ளிச் சாயலில் பரவியிருந்தது. தம்பி மனைவி தினமும் கம்பி நாரால் வட்டமாகத் தேய்த்துக் கழுவுகிறாள், அதன் வேலை. பெரியக்கா கத்தியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்த வட்டங்களைக் கட்டைவிரலால் தடவினாள். ஏன் அண்ணி, தேய்க்கக் கூடாதா என்று தம்பி மனைவி கேட்டாள்.

"தேய்க்கலாம், தேய்க்கலாம்," என்றாள் பெரியக்கா. கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். கிழங்கு ஒட்டுகிறதா என்று கேட்டாள். ஒட்டவில்லையாம். துரு பிடிக்கிறதா என்று கேட்டாள். இல்லையாம். கத்தியைக் கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் கூடத்துக்குப் போகிற வழியில் கடையில் ஒரு பாக்கெட் கம்பி நார் வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஜையில் அதைப் பார்த்த மெழுகு, இது எதுக்குக்கா என்று கேட்டான். சும்மா, ஒரு துண்டில் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் என்று சொல்லிக்கொண்டே அவள் வெள்ளைத் துணியை விரித்தாள். மெழுகு தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.